எலாஸ்டிக்சர்ச் 8-க்குப் போகும் முன் இண்டெக்ஸ் பிறந்த பதிப்பைப் பாருங்கள்

தேடலுக்கான சர்வரான எலாஸ்டிக்சர்ச்சை 7-இலிருந்து 8-க்கு ஏற்றும் முன், சர்வரின் பதிப்போடு ஒவ்வொரு இண்டெக்ஸும் (தேடல் தரவுத் தொகுப்பு) எந்தப் பதிப்பில் உருவானது என்றும் பாருங்கள். இண்டெக்ஸ் செட்டிங்ஸில் 'வெர்ஷன்' பகுதிக்குள் 'கிரியேட்டட்' என்றோர் எண் இருக்கும். 7170099 என்றால் 7.17.0, கவலையில்லை. 6-இல் தொடங்கினால் சிக்கல்.

எலாஸ்டிக்சர்ச் 8, தனக்கு முந்தைய பெரும்பதிப்பான 7-இல் உருவான இண்டெக்ஸ் வரைதான் நேரடியாகத் திறக்கும். சர்வர் 6-இலிருந்து 7-க்கு மாறியிருந்தாலும் பழைய இண்டெக்ஸில் பதிந்த அந்த 'கிரியேட்டட்' எண் மாறாது. அப்படியோர் இண்டெக்ஸ் இருந்தால், 8-ஐ நிறுவியதும் நோட் (எலாஸ்டிக்சர்ச் ஓடும் சர்வர்) எழும்பாமல் நின்றுவிடும். அதனால் 7.17-இல் இருக்கும்போதே ரீஇண்டெக்ஸ் செய்து, அதாவது தரவைப் புதிய இண்டெக்ஸுக்கு நகலெடுத்து, பழைய பெயரைப் புதியதற்கு ஏலியாஸாக (மாற்றுப் பெயராக) கொடுத்துவிடுங்கள். பழைய இண்டெக்ஸை நீக்கிய பிறகுதான் அந்தப் பெயர் கிடைக்கும்; பலர் தடுமாறுவது இங்கேதான்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸையும் ஏற்றுவதானால் அங்கே கதை வேறு: 5.7-இலிருந்து 8.4-க்கு நேராகத் தாவ முடியாது, நடுவில் 8.0 வேண்டும். 8.4-இல் பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' உள்நுழைவு முறை இயல்பாகவே அணைந்திருக்கும். எனவே செயலியை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவரை முதலில் புதுப்பியுங்கள்.

தேடல் தரவு முழுவதையும் டேட்டாபேஸிலிருந்து மறுபடி நிரப்ப முடியுமென்றால் ரீஇண்டெக்ஸ் வேலையே வேண்டாம். பழைய இண்டெக்ஸ் எதுவும் இல்லாத காலி எலாஸ்டிக்சர்ச் 8-ஐ நிறுவி நிரப்பிக்கொள்ளலாம்.