கண் எரியாத எஸ்பிஎஃப் மாய்ஸ்சரைசர்: என் அனுபவம்

காலையில் பூசிய எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) உள்ள மாய்ஸ்சரைசர் வியர்வையோடு வழிந்து கண்ணை எரித்தது. டியூபைத் திருப்பிப் பார்த்தால் வெயிலைத் தடுக்கும் ரசாயனமான அவோபென்சோன், கூடவே வாசனைப் பொருள். வாசனை சேர்க்காத, வெயில் தடுப்புக்கு ஜிங்க் ஆக்சைடு என்ற தாது மட்டும் உள்ள எஸ்பிஎஃப் 30-க்கு மாறியதும் எரிச்சல் நின்றது. மாநிறத்தில் இது திருநீறு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். இரும்பு ஆக்சைடு கலந்த டின்டட் (தோல் நிறம் சேர்த்த) வகை அதைச் சரிசெய்யும்.

அளவில்தான் பலரும் தவறுகிறோம். எஸ்பிஎஃப் எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. ஆகவே பட்டாணி அளவு போதவே போதாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளவாக்கில் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும்.

தேய்க்கும்போது அழுக்குபோல் திரண்டால், அடியில் போட்ட சீரம் காயாமல் இருக்கலாம். ஐந்து நிமிடம் விட்டு, தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.