பொள்ளாச்சியிலிருந்து அதிரப்பள்ளிக்குக் காட்டு வழி: எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது

பள்ளிக்கூட லீவு விட்டதும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, வால்பாறை ஏறி அப்படியே கேரள எல்லை மழக்கப்பாறை வழியா அதிரப்பள்ளி அருவிக்கு இறங்கலாம்னு இருக்கோம், ரோடு எப்படி?" பொள்ளாச்சியில் வாக்கப்பட்டு, சொந்தமாகக் கார் ஓட்டுகிறவள் என்பதால் சொந்தபந்தத்தில் இந்தக் கேள்விக்கு நான்தான் பொறுப்பு. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. சாதாரணக் கார் போதும், ஜீப் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வழியில் பெரும்பகுதி புலிகள் காப்பகமும் காப்புக்காடும். நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்க முடியாது. ஓட்டுகிறவரோ கொண்டை ஊசி வளைவில் கண்ணை ரோட்டை விட்டு எடுக்கவே கூடாது. அதனால் எங்கெங்கே நிறுத்தப் போகிறோம் என்று வீட்டிலேயே முடிவு பண்ணாமல் கிளம்பினால், ஓட்டினவருக்கு முதுகுவலிதான் மிச்சம்.

முதலில் பயணத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்க. ஒரே நாளில் பொள்ளாச்சி, வால்பாறை, அதிரப்பள்ளி என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது சுற்றுலா இல்லை, பார்சல் சர்வீஸ். முதல் நாள் வால்பாறை வரை, மறுநாள் காலையில் காடு. சனி, ஞாயிறு, தொடர் விடுமுறை மூன்றையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்க. ஆழியாறு செக்போஸ்ட்டிலேயே வரிசை நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பச்சை கண்ணைப் பறிக்கும், கூடவே மண் சரியும், மரம் விழும், பனி இறங்கும், அட்டை காலில் ஏறும். நான் சொல்வது மழை விட்ட பிறகான மாதங்கள், டிசம்பர், ஜனவரி. வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள். முன்கூட்டியே எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்க.

கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்க. நான்கு சக்கரத்துக்கும் காற்றடிப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுவார்கள். பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்புங்க. வால்பாறையில் பங்க் உண்டு, ஆனால் மழக்கப்பாறையைத் தாண்டிவிட்டால் அதிரப்பள்ளிப் பக்கம் போகும்வரை காடுதான். சிக்னலும் போய்விடும், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்க. சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். காலையில் நெய்ப் பொங்கல், பூரி கூடாது. இரண்டு இட்லி, அதுவும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பின் சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் பத்தாவது பலகை வருவதற்குள் வெளுத்துப் போவார்கள். வாந்தி வருகிறவரை முன் சீட்டுக்கு மாற்றி, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. கையில் ஓர் எலுமிச்சம்பழம், மடியில் ஒரு கவர். இதெல்லாம் எழுத வேண்டிய விஷயமா என்று தோன்றும். வழியில் வண்டி நிற்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

ஏற்றத்தில் எதிரே பஸ் வந்தால் வளைவுக்குள் நுழையாதீங்க. பஸ்ஸுக்கு அந்த வளைவு முழுக்க வேண்டும். கீழேயே ஒதுங்கி நின்று அதை விட்டுவிட்டுப் போங்க. சட்டப்படி மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, ஆனால் பஸ்ஸிடம் சட்டம் பேசி என்ன ஆகப் போகிறது? இறங்கும்போது நீங்கள்தான் காத்திருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று எங்கள் ஊர் டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டாவது கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் கியர் மாற்றும் முறைக்கோ, 'எல்' என்று போட்டிருப்பதற்கோ மாற்றிக்கொள்ளுங்க. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களோடு நான் வண்டியில் ஏறுவதில்லை. கருகல் வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க. சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி நிறுத்தங்கள். முதலாவது ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. இந்த மலைப்பாதையைப் போட்ட வெள்ளைக்காரப் பொறியாளர் பெயர் அது. கீழே ஆழியாறு அணை தட்டு மாதிரி கிடக்கும். காட்சியைவிட எனக்கு அங்கே பிடித்தது வரையாடு. பாறைச் சுவரில் நிற்கும், சில நேரம் ரோட்டோரத்துக்கே வரும். அதற்குத் தீனி போடாதீங்க, பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீங்க. அதைத் தாண்டினால் அட்டகட்டி. டீ குடிக்கலாம், கழிப்பறை தேடலாம். கவர்க்கல் பக்கம் நட்டநடுப் பகலிலும் மஞ்சு மூடிவிடும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போட்டு, ஓரத்துக் கோட்டைப் பிடித்து நகருங்க.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். இங்கே வேகத்தை இருபதுக்குக் கொண்டு வாங்க. தலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பார்கள், சோலைமந்திகள் ரோட்டைக் கடப்பதற்கு. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, சிங்கவால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. பாலம் இருந்தும் கீழே இறங்கும், அடிபட்டுச் சாகும். அதற்குக் காரணம் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டிய கைகள்.

ஊருக்குள் இரவு தங்கும்போது ஒன்று கவனியுங்க. எஸ்டேட் பகுதிகளில் சில மேட்டில் சிவப்பு விளக்கு வைத்த கம்பங்கள் இருக்கும். அது எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். தொழிலாளர்கள் இருட்டில் யானை மேல் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்த ஏற்பாடு, போன் மூலம் எரியவிடுவார்கள். இருட்டிய பிறகு தேயிலைக் காட்டுப் பக்கம் நடை வேண்டாம். சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர். கூழாங்கல் ஆற்றில் காலை நனைக்கலாம், இறங்கிக் குளிக்கப் போகாதீங்க. ஆழமில்லாத மாதிரி தெரிகிற இந்த ஆறுகளில் வெளியூர்ப் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்க. சோலையாறு அணைக்கரையில் ஒரு நிறுத்தம், மழக்கப்பாறையில் டீ, கழிப்பறை. அங்கே கேரள வனத்துறை செக்போஸ்ட். வண்டி எண், ஆட்கள், எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் குறித்து, நேரம் போட்ட சீட்டு தருவார்கள். மறுமுனையில் வாழச்சாலில் அதைக் காட்ட வேண்டும். பாட்டில் எண்ணிக்கை குறைந்தாலும் கேட்பார்கள், ரொம்பத் தாமதமானாலும் கேட்பார்கள். மாலையில் வழியை அடைத்துவிடுவார்கள். கடைசி நேரத்தில் நுழையலாம் என்று கணக்குப் போடாதீங்க. பத்து மணிக்குள் உள்ளே போய்விடுவதுதான் அழகு.

அடுத்த சுமார் 50 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் உயிர். இரண்டு பக்கமும் மரம் கவிந்து, ரோடு ஒரு வண்டிக்கும் கொஞ்சம் கூடுதலுக்கும்தான் இடம் விடும். ஈத்தை என்கிற மெல்லிய மூங்கில் கண்ணாடியை உரசும். ஏசியை அணைத்து, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, பாட்டை நிறுத்திவிடுங்க. இருவாச்சி பறந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும், அந்த இறக்கைச் சத்தம் அப்படி.

யானை விஷயம். புதிய சாணம், முறிந்து கிடக்கிற ஈத்தை, எதிரே வருகிறவர் விளக்கை அடித்துக் கையைக் காட்டுவது, மூன்றில் எது வந்தாலும் மெதுவாகுங்க. யானை ரோட்டில் நின்றால் நூறு மீட்டராவது விட்டு நிறுத்துங்க. என்ஜின் ஓடட்டும், விளக்கைத் தாழ்த்துங்க, ஹாரனைத் தொடாதீங்க. யாரும் இறங்கக் கூடாது, கைபேசியை வெளியே நீட்டக் கூடாது. பின்னால் வருகிற வண்டி உங்கள் பம்பரை ஒட்டி நிற்க விடாமல் கையைக் காட்டி முன்கூட்டியே தள்ளி நிற்கச் சொல்லுங்க, ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது பின்னால் போக வழி. குட்டி இருந்தால் இன்னும் தள்ளுங்க. ஒதுங்கிப் போய்விடலாம் என்று நின்ற வண்டியை முந்துகிறவர்தான் எல்லோருக்கும் ஆபத்து. 2022-இல் கபாலி என்று பெயர் வைத்த காட்டு யானை வழி மறித்ததால், பயணிகளோடு வந்த ஒரு தனியார் பஸ்ஸை டிரைவர் 8 கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே கொண்டு போனார், இதே ரோட்டில். உங்களால் ரிவர்ஸில் நூறு மீட்டர் நேராகப் போக முடியுமா? முடியாது என்றால் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் பழகிவிட்டு வாங்க.

இந்தப் பகுதியில் இறங்காமலே இருப்பது உத்தமம். ஓட்டுகிறவர் களைத்துப் போனால், பார்வைக்கு நேராக ரோடு தெரிகிற, வளைவில்லாத இடத்தில் ஒதுக்கி, வண்டிக்குள்ளேயே சீட் மாறிக்கொள்ளுங்க. சிறுநீர் அவசரத்தைத்தான் மழக்கப்பாறையிலேயே முடிக்கச் சொன்னேன்.

வாழச்சாலில் சீட்டைக் கொடுத்துவிட்டு அருவியைப் பாருங்க, அங்கே நிழல் அதிகம். 80 அடி உயரத்திலிருந்து விழும் அதிரப்பள்ளிக்கு அடுத்து போகலாம், மதியக் கூட்டம் மட்டும் பொறுக்க வேண்டும். திரும்பி வர அதே காட்டைப் பிடிக்காதீங்க. சாலக்குடி போய், திருச்சூர், குதிரான் சுரங்கம், பாலக்காடு வழியாகப் பொள்ளாச்சி வந்துவிடலாம். அங்கே அகலமான ரோடு, இரவானாலும் பயமில்லை. சாலக்குடியில் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஓட்டினவர் பின் சீட்டில் காலை நீட்டித் தூங்கட்டும்.