ஹம்மிங்பேர்ட் ஃபீடரில் எறும்பா? கம்பியில் எண்ணெய் தடவவே தடவாதீர்கள்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குக் குடிவந்த புதிதில் பால்கனிப் பூவில் ஹம்மிங்பேர்டைப் பார்த்ததும் "நம்ம ஊர்த் தேன்சிட்டு!" என்று மனம் துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் இது வேறு இனம், அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. இங்கே நாம் பார்க்கும் அன்னாஸ் என்ற ஹம்மிங்பேர்ட் வகை குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகாது.

வாடகை ஒப்பந்தத்தில் பறவைத் தீனிக்குத் தடை இல்லையென்றால் ஃபீடர் வாங்குங்கள், பறவை குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் பாத்திரம் அது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். கருப்பட்டி வேண்டாம், அதிலுள்ள இரும்பு பறவைக்கு ஆகாது. தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கொரு முறை கழுவி மாற்றுங்கள்.

இனி எறும்பு. மாட்டிய மறுநாளே கம்பி முழுக்கச் சாரை. "வாஸ்லினோ எண்ணெயோ தடவுங்க, ஏறாது" என்றார் தெரிந்தவர் ஒருவர். தேங்காய் எண்ணெய் தடவினேன். எறும்பு நின்றது. மதிய வெயிலில் எண்ணெய் ஃபீடர் விளிம்புவரை வழிந்ததை நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஒரு பறவை, நெஞ்சு இறகெல்லாம் ஒட்டிப்போய், கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து அலகால் கோதிக் கோதிப் பார்த்தது. நாலு கிராம் உயிர். எண்ணெய் பட்ட இறகை அதனால் சுத்தம் செய்ய முடியாது. குளிரும் தாங்காது, சரியாகப் பறக்கவும் வராது. தடுமாறிப் பக்கத்து மரத்துக்குப் போனது. இருட்டும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒன்றைக் கண்டால் நீங்களே கழுவப் போகாமல் காட்டுயிர் மீட்பு மையத்துக்கு உடனே போன் செய்யுங்கள். அன்று எனக்கு அது தெரியாது. இன்னும் மனசு ஆறவில்லை.

சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்பாரே அம்மா, அதேதான் இங்கும் வழி! ஆன்ட் மோட் என்று ஒரு சின்னக் கிண்ணம் கடையில் கிடைக்கும். கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவில் மாட்டி வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். பறவைகள் அதில் வாய் வைக்கும், அதனால் சோப்போ எண்ணெயோ கலக்கக் கூடாது.

குளவிக்கு: கவிழ்த்த பாட்டில் வகை வெயிலில் சொட்டும், அந்த வாசத்துக்கே குளவி வரும். தட்டு வகை வாங்குங்கள். சர்க்கரைத் தண்ணீர் தாழ்வாக இருப்பதால் பறவையின் நாக்கு எட்டும், குளவிக்கு எட்டாது. மஞ்சள் பிளாஸ்டிக் பூ வைத்த ஃபீடரை வாங்காதீர்கள். பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம், குட்டிப் பூச்சிகளும் ஹம்மிங்பேர்டின் சாப்பாடுதான்.

கிண்ணத்துத் தண்ணீர் வெயிலில் வற்றிவிடும். நான் காலையில் காபி போடும்போதே அதற்கும் ஊற்றிவிடுகிறேன்.