மலர்ப் பள்ளத்தாக்குப் பயணமும் 60 நாள் கணக்கும்

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குக் கடலூர் இளைஞர் குழுவை அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, டெல்லிக்கு ரயில் டிக்கெட்டே அமையவில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். விழுப்புரத்தில் ஏறும் தேதியிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, காலை 8 மணிக்கு முன்பதிவைத் திறந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். வேறு கைபேசி, வேறு இணைப்பு, முகவர் எதுவும் பலிக்கவில்லை.

விடை கால அட்டவணையில் இருந்தது. டெல்லி செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியில் மாலையில் கிளம்பி, மறுநாள் அதிகாலையில்தான் விழுப்புரம் வருகிறது. 60 நாள் என்பது வண்டி கன்னியாகுமரியில் கிளம்பும் தேதிக்கான கணக்கு, நாம் ஏறும் தேதிக்கானது அல்ல. அதனால் நாம் ஏறும் தேதிக்கு முன்பதிவு ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடுகிறது. அப்படி எண்ணியதும், டிக்கெட்டுக்கு ஆறு பேராக எல்லோருக்கும் படுக்கை உறுதியானது. அப்பாடா! இனி பூங்காவுக்கு அருகிலுள்ள காங்கரியா கிராமத்தில் அறை பார்க்க வேண்டும். பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை.