ஷேக்ஸ்பியரின் வரியைக் காலால் கற்பித்தல்

கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று அழைத்து, அவருடைய நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். அவர் பிறந்த மண்ணில் இன்று நான் பார்க்கும் வகுப்புகள் பலவற்றில், வரிக்கு வரி பொருள் எழுதிக் கொப்பியை நிரப்புவதோடு ஷேக்ஸ்பியர் முடிந்துவிடுகிறார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்லிப் பிள்ளையின் காலில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த நாம், ஆங்கிலச் செய்யுளுக்கும் அந்த வழியையே எடுத்துக்கொள்ளலாம்.

மேசை கதிரைகளை ஓரமாக்கி, மாணவர்களைக் கூத்தாடும் வட்டக்களரியில் நிற்பதுபோல் நிறுத்துங்கள். 'ததீம்' என்பதை ஐந்து முறை சொல்லச் செய்து, 'தீம்' விழும் இடத்தில் மட்டும் காலை ஊன்றச் சொல்லுங்கள். மெலிந்த ஒலியசை ஒன்றும் அழுத்தமான ஒலியசை ஒன்றும் சேர்ந்த இணை ஐந்து முறை வந்து, பத்து ஒலியசையில் வரி முடிகிறது. அதே நடையில் 'இஃப் மியூசிக் பீ த ஃபூட் ஒஃப் லவ், பிளே ஒன்' என்ற வரியைச் சொல்லிப் பார்த்தால், மியூ, பீ, ஃபூட், லவ், ஒன் ஆகிய ஐந்திலும் கால் தானாக விழும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். தமிழ் யாப்பின் நேரசையும் நிரையசையும் குறில், நெடில், ஒற்று என்னும் கணக்கில் நிற்பவை. ஆங்கில வரியோ அழுத்தத்தில் நிற்பது. ஆகவே, அழுத்திச் சொல் என்றால் மாணவர் நீட்டிச் சொல்கிறார். 'மக்பெத்' நாடகத்தில் அரசனாகிய மக்பெத், அரசி இறந்த செய்தி கேட்டுச் சொல்லும் 'டுமொறோ, அண்ட் டுமொறோ, அண்ட் டுமொறோ' என்ற வரியைக் கொடுத்துப் பாருங்கள்: நெடிலாக இருப்பதால் 'றோ'வில் காலை ஊன்றுவார்கள், ஆனால் அழுத்தம் குறிலாகிய 'மொ'வில் இருக்கிறது. 'றோ'வைத் தொண்டைக்குள் விழுங்கி, 'மொ'வில் மட்டும் உள்ளங்கையால் தொடையில் தட்டச் சொன்னால் இரண்டொரு பாடவேளைகளில் இது சரியாகும். பிறகு ஒலியசைகளை எண்ணச் சொல்லுங்கள். பதினொன்று வரும். மிஞ்சிய அந்த ஒன்று ஏன் தொங்கிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுவிட்டு, விடையை நீங்கள் சொல்லாதிருப்பது நல்லது. தாளம் பிடிபட்ட பின்னும் எல்லா வரியையும் ஒரே சீராக இடித்துக்கொண்டிருக்க விடாதீர்கள். நெல்லுக் குத்தும் சத்தம்தான் மிஞ்சும்.

பாத்திரத்தை இங்கிருந்தே தொடங்கலாம். கூத்தில் கட்டியகாரன் அறிவித்த பின்னரே அரசன் வருகிறான். மக்பெத்திலும் முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில், பறை முழங்குகிறது, மக்பெத் வருகிறான் என்று சூனியக்காரி ஒருத்தி கட்டியம் கூறுகிறாள். அதற்கு முந்திய காட்சியிலேயே, காயப்பட்ட வீரன் ஒருவன் அவனுடைய வீரத்தை விரித்துரைத்துவிடுகிறான். ஆகவே பிறர் அவனைப் பற்றிச் சொல்வதை ஒரு பக்கத்திலும் அவன் தன்னைப் பற்றிச் சொல்வதை மறுபக்கத்திலும் எழுதவைத்து, இரண்டும் முரண்படும் இடங்களில் கோடிடச் செய்யுங்கள். யார் செய்யுளில் பேசுகிறார், யார் உரைநடைக்கு இறங்குகிறார் என்பதையும் குறிக்க வேண்டும். முன்பெல்லாம் செய்யுளில் பேசிய அவன் மனைவி மக்பெத் சீமாட்டி, ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கும்போது உரைநடையில் பிதற்றுவதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து, மன்னன் டங்கன் கொல்லப்பட்ட இரவில் மக்பெத்தும் மனைவியும் பேசும் இடத்தை இருவரிடம் கொடுங்கள். நீர் பேசவில்லையா, எப்போது, இப்போது, நான் இறங்கி வரும்போதா என்று ஒற்றை வரியை இருவரும் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வரி ஒன்றே என்பதால் இடையில் மூச்சு விட இடமில்லை. அதை நிதானமாக நடிக்கும் குழுவை நான் உடனே நிறுத்திவிடுவேன்.

இதன்பின் சொந்தப் பாத்திரங்களைப் படைக்கலாம். அதற்கு மக்பெத்தின் ஸ்கொட்லாந்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வயல்களுக்குச் சொந்தக்காரரான ஒரு போடியாரும், அந்த வயலில் வேலை பார்க்கும் அவருடைய முல்லைக்காரனும் போதும். போடியாருக்கு ஐந்து சீர் கொண்ட நெடிலடியும் முல்லைக்காரனுக்குப் பேச்சு வழக்கும் கொடுத்து ஒரு காட்சி எழுதவைத்து, மறுநாள் இருவருக்கும் மொழியை மாற்றிக் கொடுங்கள். நெடிலடியில் பேசத் தொடங்கியதும் முல்லைக்காரன் நிமிர்ந்து நிற்பதை, நடிக்கும் பிள்ளையின் முதுகிலேயே பார்க்கலாம்.

மூன்றாம் நாள், ஒரே அடியை இருவருக்கும் பங்கிடச் சொல்லுங்கள். நெல் சூடடிக்கும் களமாகிய களவெட்டியை வைத்து என் வகுப்பில் ஒரு சோடி எழுதியது இது. போடியார்: "களவெட்டியில் யார் நின்றது?" முல்லைக்காரன்: "நான்தான், போடியார்." மூன்று சீரும் இரண்டு சீருமாக அடி நிரம்பிவிட்டது. முதல் முறை நடித்தபோது பதிலுக்கு முன் ஒரு தட்டு இடைவெளி விழுந்தது. பார்த்திருந்த எல்லோரும் நெல்லை எடுத்தவன் அவன்தான் என்றார்கள். இடைவெளியின்றி மறுபடி நடித்தபோது, போடியாரை வேலைக்காரனே விசாரிப்பதுபோல் இருந்தது.