முதல் சந்திப்புக்குப் போகும் புது டூலாவுக்கு

டூலா (மருத்துவம் பார்க்காமல், பிரசவத்தில் பெண்ணுக்குத் துணையாகக் கூடவே இருப்பவர்) பயிற்சி முடித்தாயிற்று, சான்றிதழும் கையில் இருக்கிறது, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஒருவர் போன் பண்ணி "ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசலாமா" என்று கேட்டுவிட்டார். பயிற்சியில் மூச்சு, மசாஜ், பிரசவத்தின் கட்டங்கள் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு வீட்டுக் கூடத்தில் மாமியார், அம்மா, கணவர், சில சமயம் ஒரு சித்தியும் சேர்ந்து உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்க, பிள்ளை பெறப்போகிற பெண் மட்டும் ஓரமாகப் பேசாமல் இருப்பாரே, அந்த ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துவது என்பதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே தனக்கு என்ன வேண்டும் என்று வந்தால்தான் சந்திப்பு உருப்படியாக நடந்தது என்பேன். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான். தமிழ்நாட்டில், பெரும்பாலும் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களை வைத்து எழுதுகிறேன்.

1. போனிலேயே கேட்டுவிடுங்கள்

எத்தனையாவது மாதம், டாக்டர் சொன்ன தேதி என்ன, எந்த மருத்துவமனை, இது தலைப்பிரசவமா, பிரசவம் அம்மா வீட்டிலிருந்தா மாமியார் வீட்டிலிருந்தா. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அவர் வேறு ஊருக்கே போய்விடலாம், மருத்துவமனையும் மாறிவிடலாம். உங்கள் கட்டணம் எவ்வளவு என்பதையும் தயங்காமல் போனிலேயே சொல்லிவிடுங்கள். நேரில் போய் உட்கார்ந்தபின் பணப்பேச்சை எடுத்தால் இரண்டு பக்கமும் சங்கடம். சந்திக்க நல்ல சமயம் 28 வாரத்திலிருந்து 32 வாரத்துக்குள். 36 வாரத்தில் கூப்பிட்டாலும் போகலாம், அடுத்த சந்திப்புகளை நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

போன் பண்ணுவது பெரும்பாலும் கணவராகவோ அக்காவாகவோ இருக்கும். "அவங்ககிட்டயும் ரெண்டு நிமிஷம் பேசட்டுமா" என்று கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கே நாம் வருவதில் விருப்பம் இருக்கிறதா என்பது அந்த இரண்டு நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

2. மருத்துவமனை யாரை உள்ளே விடும்?

புதிதாக வருபவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பல தனியார் மருத்துவமனைகளில் லேபர் வார்டுக்குள் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி. அந்த ஒருவர் கணவரா, அம்மாவா, நீங்களா? இதைப் பிரசவ நாளில் வார்டு வாசலில் நின்று பேச முடியாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினர் கூட இருக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. விரும்பும் ஒருவர் துணை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் சொல்கிறது. ஆனால் டூலாவை விடுவார்களா என்பது அந்தந்த மருத்துவமனையையும் டாக்டரையும் பொறுத்தது. எனவே அடுத்த செக்கப்பில் அவர்களையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் நேராகப் போய்க் கேட்காதீர்கள். மருத்துவமனைக்குக் குடும்பம் கேட்பது வேறு, முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்பது வேறு.

3. ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள்

தமிழில், ஒரு பக்கம் போதும். என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள், எந்த வாரத்திலிருந்து ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்டால் வருவீர்கள் (நான் 38-லிருந்து 42 வாரம் வரை என்று வைத்திருக்கிறேன்), முன்பணம் எவ்வளவு, உங்களுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் உங்களுக்குப் பதில் யார் வருவார். வலி வருவதற்கு முன்பே சிசேரியன் என்று முடிவானால் பணம் என்ன ஆகும், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவிடுங்கள். பதிலுக்கு வரும் டூலாவைப் பெயரோடு சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஆயத்தம் ஆகவில்லை என்றுதான் அர்த்தம், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

சென்ட் போடாமல் போங்கள், சில பெண்களுக்குக் கடைசி மாதம் வரை வாசனை ஒத்துக்கொள்ளாது. போகும் வீட்டு முகவரியை உங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

4. வீட்டுக்குள் போனதும்

காபி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள், அதில் தவறே இல்லை. "உங்களுக்கு எப்படிம்மா பிரசவம் ஆச்சு?" என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். மருத்துவச்சி வந்து வீட்டிலேயே பார்த்த கதையோ, அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக வலி தாங்கிய கதையோ வரும். கேட்டு முடிக்கும்போது அவருக்கே புரிந்திருக்கும், கூட ஒரு ஆள் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று.

"டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, நீங்க எதுக்கு?" என்ற கேள்வி நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான். ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் பல பேரைப் பார்க்க வேண்டும், டாக்டர் இடையிடையே வந்து பார்த்துவிட்டுப் போவார், நான் அந்தப் பெண்ணை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லுங்கள். ஆதாரம் கேட்டால் அதுவும் இருக்கிறது: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் துணை இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு கூடலாம், சிசேரியன் குறையலாம், வலி நேரமும் கொஞ்சம் சுருங்கலாம் என்பது அதன் முடிவு.

அடுத்ததாக "அப்போ சுகப்பிரசவம் ஆயிடும்ல?" என்பார்கள். ஆகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். இந்த எண்களைச் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். சிசேரியன் ஆனாலும் நான் கூட இருப்பேன், தாய்ப்பால் கொடுக்க உதவுவேன் என்று சொன்னால் போதும். நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், டாக்டர் அதற்கு என்ன சொன்னார் என்று மட்டும் கேளுங்கள்.

5. அந்தப் பெண்ணோடு தனியாகப் பதினைந்து நிமிடம்

இதை எப்படியாவது ஏற்பாடு செய்துவிடுங்கள். "உங்க ரூமைக் காட்டுங்களேன், எங்க படுக்கிறீங்கன்னு பார்க்கிறேன்" என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முன்பு கரு கலைந்தது, மனசுக்கான மாத்திரை சாப்பிட்டது, யாரையாவது தொடவே விடப் பிடிக்காதது, இப்படி மாமியாருக்குத் தெரியாத விஷயங்கள் இருக்கலாம். அதனால்தான் உடல்நிலை பற்றிய கேள்விகளைக் கூடத்தில் வைத்துக் கேட்கவே கூடாது. தனியாக இருக்கும்போதும் ஃபைலை வாங்கிப் புரட்டாதீர்கள், அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் நன்றாக வேலை செய்யும் கேள்வி ஒன்று: "உடம்பு முடியாதப்ப உங்களுக்குத் தனியா இருக்கப் பிடிக்குமா, யாராவது பக்கத்துல இருக்கணுமா?" வலி நேரத்தில் அவர் எப்படி இருப்பார் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது. அப்புறம் எதை நினைத்தால் பயம், அங்கே யார் இருக்க வேண்டும், யார் இருக்கவே கூடாது. இரண்டாவது பிரசவம் என்றால் முதல் பிரசவத்தின் கதையை முழுசாகச் சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். பிள்ளை எத்தனை கிலோ என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள், உனக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அழுதால் அழட்டும். அப்போது பார்த்த டாக்டர் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உங்களுக்கு அந்த அறைக்குள் நடந்தது தெரியாது.

6. எல்லையைச் சொல்லிவிடுங்கள்

மறுபடி எல்லோரும் உட்காரும்போது இது. உள் பரிசோதனை செய்ய மாட்டேன், பிரஷர் பார்க்க மாட்டேன், மருந்து சொல்ல மாட்டேன், டாக்டரிடம் சண்டை போட மாட்டேன். முடிவு உங்களுடையது, டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று யோசிக்க உதவுவேன். ரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, பனிக்குட நீர் பச்சையாக வருவது, இதில் எது வந்தாலும் எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

டாக்டர், நர்ஸ் யாருமில்லாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறோம், நீங்கள் வந்து பாருங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்று 2018-ல் திருப்பூரில் ஒரு பெண் இறந்துபோனார். நாம் மருத்துவச்சி இல்லை, ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி நமக்குக் கிடையாது.

கணவருக்கு ஒரே ஒரு விஷயம் கையால் செய்து காட்டுங்கள்: முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ள தட்டையான எலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி நேரத்தில் மனைவி போதும் என்கிற அளவுக்கு அழுத்துவது. ஓரமாக நின்றவருக்கு அன்றைக்கே ஒரு வேலை வந்துவிடும்.

7. கிளம்பும்போதும் அதற்குப் பிறகும்

அன்றைக்கே முன்பணம் வாங்காதீர்கள். "பேசி முடிவு பண்ணிட்டு ரெண்டு நாள்ல சொல்லுங்க" என்று தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்களும் யோசிக்க வேண்டும், எல்லோருக்கும் நாம் பொருத்தமாக இருக்க மாட்டோம். வீட்டுக்குப் போகும் முன்பே, பஸ்ஸில் உட்கார்ந்தாவது, கேட்டதைக் குறிப்பெடுத்துவிடுங்கள், அவர் தனியாகச் சொன்னதைப் பெயர் போடாமல் எழுதுங்கள். போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். மறுநாள் அந்தப் பெண்ணின் எண்ணுக்கே ஒரு செய்தி அனுப்புங்கள், கணவரின் எண்ணுக்கு இல்லை. அதில் நீங்கள் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வந்த கேள்விக்கான பதிலும், டாக்டரிடம் துணைக்கு அனுமதி கேட்க வேண்டும் என்ற நினைவூட்டலும் இருந்தால் போதும்.