ஸ்காட்லாந்துத் தொடக்கப் பள்ளியில் உங்கள் பிள்ளையின் மதிப்பீட்டைப் புரிந்துகொள்வது எப்படி?

ஸ்காட்லாந்தில் பிள்ளையை பி1 (பிரைமரி 1, அதாவது தொடக்கப் பள்ளியின் முதல்) வகுப்பில் சேர்த்த தமிழ்ப் பெற்றோர் பலர் முதலில் தேடுவது மதிப்பெண்ணையும் தரவரிசையையும்தான். அங்கே இரண்டுக்கும் இடமில்லை. 2010 முதல் நடைமுறையில் உள்ள ‘கரிகுலம் ஃபார் எக்ஸலன்ஸ்’ பாடத்திட்டம் கற்றலை நிலைகளாகப் பிரித்திருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் பி1 முடிவில் ‘எர்லி’, பி4 முடிவில் ‘ஃபர்ஸ்ட்’, பி7 முடிவில் ‘செகண்ட்’ நிலையை எட்டுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. சிலர் முந்துவதையும் சிலர் பிந்துவதையும் பாடத்திட்டமே இயல்பாக ஏற்கிறது. நான்கரை வயதுப் பிள்ளையும் ஐந்தரை வயதுப் பிள்ளையும் ஒன்றாகப் பள்ளியைத் தொடங்கும் இடத்தில் இதுவே நியாயம் என்று நான் கருதுகிறேன்.

நிலையை எட்டியாயிற்றா என்று தீர்மானிப்பவர் வகுப்பாசிரியரே. பிள்ளை நோட்டில் எழுதியது, கதை கேட்டபின் சொன்ன பதில், விளையாட்டின் நடுவே பொருள்களை எண்ணிய விதம் என ஆண்டு முழுவதும் கவனித்தவற்றை, அரசின் கல்வி அமைப்பான ‘எஜுகேஷன் ஸ்காட்லாந்து’ 2017-இல் வெளியிட்ட அளவுகோல்களோடு ஒப்பிட்டும், சக ஆசிரியர்களுடன் கலந்து பேசியும் அவர் முடிவுக்கு வருகிறார். வாசிப்பு, எழுத்து, கேட்டலும் பேசுதலும், எண்ணறிவு ஆகியவற்றில் பி1, பி4, பி7 பிள்ளைகள் எட்டிய நிலை அரசுக்கும் தெரிவிக்கப்படுகிறது.

2017-18 கல்வியாண்டில் அறிமுகமான தேசியத் தர மதிப்பீடு இந்தத் தீர்மானத்துக்குத் துணைச் சான்று மட்டுமே. இந்த மூன்று வகுப்புப் பிள்ளைகளும் அதைக் கணினியில் செய்கிறார்கள். நேர வரம்போ தேர்ச்சி, தோல்வியோ கிடையாது. எந்த நாளில் நடத்துவது என்பதைப் பள்ளியே முடிவு செய்யும். அளிக்கும் விடைக்கேற்பக் கேள்வியின் கடினம் மாறுவதால், நன்றாகப் படிக்கும் பிள்ளையும் விடை தெரியாத கேள்விகளைச் சந்திப்பது உறுதி. பி1 பிள்ளைகளுக்கு இது தேவைதானா என்ற விவாதம் வலுத்து, அதை நிறுத்தக் கோரும் தீர்மானம் 2018 செப்டம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் மறுஆண்டு வந்த சுயேச்சையான ஆய்வு, சில திருத்தங்களோடு தொடரலாம் என்று பரிந்துரைத்தது. இதற்காக ஐந்து வயதுப் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள். அதனால் பயன் இல்லை, பயம்தான் மிஞ்சும்.

பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது, “எத்தனை மார்க்?” என்பதற்குப் பதிலாக, “இந்த நிலையில் எதை உறுதியாகச் செய்கிறாள், அடுத்து எதைக் கற்க வேண்டும்?” என்று கேளுங்கள். அவள் எழுதிய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தேசிய மதிப்பீட்டின் முடிவை அறிய விரும்பினால், அதையும் ஆசிரியரிடமே கேட்கலாம்.

வீட்டில் தமிழ் பேசும் குடும்பம் என்றால், பிள்ளை தமிழில் எவ்வளவு சரளமாகப் பேசுகிறாள், எதுவரை எண்ணுகிறாள் என்பதை முதல் சந்திப்பிலேயே விரிவாகச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் பழகும் காலத்து மௌனத்தை அறியாமை என்று எடைபோடாமலிருக்க அந்தத் தகவல் ஆசிரியருக்குப் பெரிதும் உதவும். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பதும் கூடுதல் உதவிக்கான காரணமாக ஏற்கப்படுகிறது. அத்தகைய உதவி தேவையா என்று கண்டறியும்படி கேட்க, கூடுதல் கற்றல் உதவி குறித்த ஸ்காட்லாந்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. அந்தக் கோரிக்கையை எழுத்து மூலமாகக் கொடுப்பது நல்லது.